ஜமால் பாயின் சாய்வு மெத்தை

தினமும் காலை ஆறரை மணிக்கு "முதல் வாய் ஆச்சா?" என்று கேட்கும் எண்ணிலிருந்து அந்தச் செவ்வாய்க்கிழமை ஏழேகாலுக்குத்தான் செய்தி வந்தது. எண் ஜமால் பாயுடையது. எழுதியவன் அவர் மகன் யூசுப். "அத்தா மௌத்தாயிட்டாங்க. லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். துஆ செய்யுங்க." எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருபத்தாறு பேர்.  முடிச்சூர் லட்சுமி அக்காதான் முதலில், "இன்னிக்கு முதல் வாய் இறங்கலை பாய்" என்று போட்டார். அதைப் படித்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

குழுவின் பெயர் 'கால் வயிறு'. பெயர் வைத்தவரும் பாய்தான். இதை வெளியாட்களும் படிக்கக்கூடும் என்பதால் சொல்லிவிடுகிறேன். உணவுக்குழாயில் புற்றுநோய் வந்து, அந்தக் குழாயை வெட்டி எடுத்து, இரைப்பையை மேலே இழுத்துத் தொண்டைக்குக் கீழே தைத்து அனுப்பப்பட்டவர்கள் நாங்கள். நெஞ்சுக்குள் இப்போது இருப்பது வயிறும் இல்லை, குழாயும் இல்லை. சாப்பிட்டது மேலே வராமல் தடுக்கும் கதவு போய்விட்டது. குனிந்தால் வரும், படுத்தால் வரும். ஒரு இட்லிக்கு மேல் இடம் கிடையாது. பசி என்ற ஒன்றே மறந்துவிடும். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எல்லோரும் கைகுலுக்கிப் போன பிறகு இதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேரும். வருடக்கணக்காகக் கூடவே இருக்கும்.

அன்று காலை குரோம்பேட்டையில் பாய் வீட்டுக்கு நானும் என் மனைவி கீதாவும் போனபோது, குளிப்பாட்டி வெள்ளைத் துணி சுற்றிக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மட்டமாக. தலைக்கு அடியில் ஒன்றும் இல்லை. "தலையைத் தூக்கி வைங்கப்பா, இருமல் வந்துடும்" என்று என் வாய்வரை வந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக அந்த மனிதர் ஒரு நாள்கூட மட்டமாகப் படுத்ததில்லை. இனிமேல் படுக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெளியே வந்து, செருப்பு குவிந்து கிடந்த இடத்தில் நின்றேன்.

நான் ரயில்வே சிக்னல் பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்தைந்து வருடம் ஆட்களை அதட்டியே பழகியவன். எனக்கு ஆறு வருடத்துக்கு முன்னால் ஆபரேஷன் நடந்தது. ஒன்பதாம் நாள் வார்டில் கிடக்கிறேன். வயிற்றில் ஒரு குழாய், அதன் வழியாகத்தான் ஆகாரம். கழுத்தில் இன்ச் டேப் போட்டுக்கொண்டு, தொளதொளவென்ற சட்டையில் ஒல்லியாக ஒருவர் வந்து கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டார். "யாருய்யா நீ? டெய்லரை யார் உள்ளே விட்டது?" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "டெய்லர் இல்ல சார். ஆறு வருஷம் முன்னாடி இதே பெட்ல படுத்துகினு இருந்தவன். இன்னா சார், இவ்ளோ சத்தமா பேசுறீங்க? அப்போ நல்லா பொழச்சிட்டீங்க" என்றார்.

பிறகு ஒரு சின்ன டிபன் டப்பாவைத் திறந்தார். உள்ளே பாதி இட்லி. என் எதிரில் அதைச் சாப்பிட்டார். எனக்கு வேறு வேலை இல்லாததால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு நிமிடம். ஒவ்வொரு வாயையும் மென்று, நிறுத்தி, நெஞ்சில் கை வைத்துக் கவனித்து, அப்புறம் அடுத்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை பரீட்சை எழுதுவது போன்ற சிரத்தை. "பல்லுலயே வேலைய முடிச்சிட்டுதான் உள்ள அனுப்பணும் சார். உள்ள இப்ப கிச்சன் கெடையாது, வெறும் பாசேஜ்" என்றார். ஆறு வருடமாக இப்படியா என்று கேட்டேன். ஆமாம் என்றார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை? எட்டு தடவை. எனக்கு அவர்மேல் வந்த முதல் உணர்ச்சி மரியாதை இல்லை, பயம். இதுதான் இனி என் வாழ்க்கையா என்ற பயம். அது பிரமிப்பாக மாறுவதற்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் அவருடைய குஷன் கடையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கார் சீட், சோபா, ஆட்டோ சீட் எல்லாம் அங்கே தைப்பார்கள். கடையில் வேலை செய்யும் மேஜை நெஞ்சு உயரத்துக்கு இருக்கும். மற்ற கடைகளில் தரையில் உட்கார்ந்தோ குனிந்தோதான் இந்த வேலை நடக்கும். குனிந்தால் தின்றது தொண்டைக்கு வந்துவிடும் என்பதால், ஆபரேஷனுக்குப் பிறகு தொழிலை விடாமல் மேஜையின் காலை உயர்த்திவிட்டார். அந்த மேஜையில்தான் நமக்கெல்லாம் சாய்வு மெத்தை தைத்தார்.

அந்த மெத்தை எப்படி வந்தது என்று ஒருமுறை சொன்னார். "உசிரு தப்பிச்சுதேன்னு எல்லாரும் சொன்னாங்க சார். எப்படித் தூங்குறேன்னு ஒருத்தரும் கேக்கல. நாலு தலகாணி வெச்சா ராத்திரில அது ஒரு பக்கம் போவும், நான் ஒரு பக்கம் போவேன். புளிச்ச தண்ணி மூக்குல ஏறி எழுந்து உக்காருவேன். மூணு மாசம் பேஜாரு. அப்பறம்தான், அட, நாமளே குஷன்காரன்தானேன்னு தோணிச்சு." அவர் அளவெடுக்கும் முறையும் தனி. முப்பது டிகிரி கோணம் சரியாக இருக்குமா என்று நான் என் ரயில்வே மூளையோடு கேட்டேன். டிகிரியெல்லாம் தனக்குத் தெரியாது என்றார். முதுகுக்குப் பின்னால் மெல்லிய ஃபோம் துண்டுகளை அடுக்கிச் சாய வைத்து, இரண்டு வாய் தண்ணீர் கொடுத்து, ஊர்க்கதை பேசுவார். பேசிக்கொண்டே ஒவ்வொரு துண்டாக உருவுவார். எந்தத் துண்டை உருவியதும் இருமல் வருகிறதோ அதைத் திரும்பச் சொருகி, "இதான் சார் உங்க வூடு" என்று சாக்பீஸால் கோடு போடுவார். வார்டில் எனக்கும் அப்படித்தான் கோடு போட்டார். நான் வீட்டுக்குப் போகும் நாளில் மெத்தை வந்துவிடும் என்றார்.

நான் வீட்டுக்கு வந்த வாரம் ஊரடங்கு போட்டுவிட்டார்கள். கடைகள் மூடிக்கிடந்தன, பஸ் இல்லை, மின்சார ரயில் இல்லை. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் நான் தூங்கவே இல்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் கீதா அவருக்குப் போன் செய்தாள். அன்று காலையே பாய் ஸ்கூட்டரில் மெத்தையைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். போலீஸ் விட்டார்களா என்று கீதா கேட்டாள். "ஆபரேஷன் ஃபைலை எடுத்துக்கினு வரேம்மா. நம்பலேன்னா சட்டையத் தூக்கித் தழும்பக் காமிப்பேன். சல்யூட் அடிச்சு அனுப்பிடுவாங்க."

மெத்தையைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உறை மட்டும் புதிது. நடுவில் குழி. மூக்கை வைத்தால் யாருடைய பவுடர் வாசனையோ அடித்தது. "என்ன பாய், அளவெல்லாம் பெரிசா எடுத்தீங்க, கடைசியில பழசைத் தள்ளிட்டீங்களே?" என்று கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. கத்தினேன். கீதா என் கையைக் கிள்ளினாள். பாய் சிரித்துக்கொண்டே மெத்தையைக் கட்டிலில் சரியாக வைத்து, மூலையை இழுத்துவிட்டார். "புதுசு கல்லு மாதிரி இருக்கும் சார். இது பழகின மெத்தை, உடம்ப வாங்கிக்கும். படுத்துப் பாருங்க, அப்பறம் திட்டுங்க." அன்று பகலில் நான்கு மணி நேரம் தூங்கினேன். எழுந்த பிறகு திட்டவில்லை. ஆனால் நன்றி என்றும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்து நடந்ததுதான் என் உயிர் விஷயம். சித்திரை முதல் நாள் கீதா ஜவ்வரிசிப் பாயசம் வைத்தாள். ஒரு மாதமாக ஒன்றும் சாப்பிடாத மனுஷனுக்குத் தெம்பு வரட்டும் என்று ஒரு டம்ளர் கொடுத்தாள். நம் வீடுகளில் உடம்பு தேறுவதற்குத் தரும் எல்லாமே இனிப்புத்தானே. நானும் ஆசையாகக் குடித்தேன். இருபது நிமிடத்தில் நெஞ்சு படபடத்தது. உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. மாரடைப்புதான் என்று கீதா ஆம்புலன்ஸுக்கும் பாய்க்கும் ஒரே மூச்சில் போன் செய்தாள். பாய், "இன்னா குடிச்சாரு?" என்று மட்டும் கேட்டாராம். சொன்னதும், "ஹார்ட் அட்டாக் இல்லம்மா, பாயச அட்டாக். சாய்ச்சுப் படுக்க வெய்யுங்க, அரை மணில அடங்கிடும்" என்றாராம். இனிப்பைத் தேக்கி வைக்க வயிறு இல்லாததால் அது மொத்தமாகக் குடலில் போய் விழுந்து உடம்பைக் குலுக்கிவிடும் என்று பிறகு டாக்டரும் சொன்னார். ஆம்புலன்ஸ்காரர்கள் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள்.

உடம்பு அரை மணியில் சரியாகிவிட்டது. மனசு ஆகவில்லை. அன்றிலிருந்து வாயில் எதை வைத்தாலும் பயம். மோர் பயம், ரசம் பயம். நோய்க்கு முன்னால் எழுபத்தொரு கிலோ இருந்த ஆள் ஐம்பத்திரண்டுக்கு வந்தேன். குழாய் ஆகாரமே போதும், இனி வாயைத் திறப்பதாக இல்லை என்று கீதாவிடம் சொன்னேன். அடுத்த வாரம் குழாய் ஆகாரமும் வேண்டாம் என்றேன். என்ன அர்த்தத்தில் சொன்னேன் என்று அவளுக்குத் தெரியும். அவள் சமையலறையில் போய் அழுதது எனக்குக் கேட்டது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

ரம்ஜான் தொடங்கிய இரண்டாம் நாள் சாயங்காலம் பாய் ஒரு ஃபிளாஸ்கோடு வந்தார். நோன்புக் கஞ்சி. கறி போடாமல், அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் குழைய வேகவைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி அவர் மனைவி நூர்ஜஹான் அம்மா செய்தது. இரண்டு டம்ளர், இரண்டு டீஸ்பூன். எனக்கு வேண்டாம் என்றேன். "நானும் இன்னும் சாப்பிடல சார். நீங்க ஒரு ஸ்பூன், நான் ஒரு ஸ்பூன். நீங்க நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன்" என்றார். உங்களுக்கு நோன்பு இல்லையா என்று கேட்டேன். "எனக்கு வருஷம் பூரா நோன்புக் கஞ்சி உண்டு சார். நோன்புதான் கெடையாது" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

அவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது உள்ளே போயாக வேண்டும். ஆபரேஷனுக்கு அடுத்த வருடம் வீம்பாக ஒரே ஒரு நோன்பு வைத்துப் பார்த்து, பிற்பகல் அசர் தொழுகைக்கு முன்பே கடையில் மயங்கி விழுந்தாராம். "நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை கொடுத்திருக்கான். வாங்கிக்கத் தெரியாம நான்தான் ரோஷம் காட்டினேன்" என்றார். தொழுகையும் நாற்காலியில்தான். நெற்றியைத் தரையில் வைத்தால் சாப்பிட்டது மேலே வரும். ஆனால் விடிகாலைத் தொழுகைக்கு வயிறு காலியாக இருக்கும். "அந்த ஒரு வேளைதான் சார் என் நெத்தி தரையத் தொடும். அது முடிஞ்சதும் முதல் வாய்." அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, காலை ஆறரைச் செய்தி எங்கிருந்து வருகிறது என்று. இதைக் கேட்டுக்கொண்டே நான் அரை டம்ளர் கஞ்சி குடித்திருந்தேன். வியர்க்கவில்லை. படபடக்கவில்லை. கதவருகே நின்றிருந்த கீதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த ரம்ஜான் முழுக்க இரண்டு நாளைக்கு ஒருமுறை ஃபிளாஸ்க் வந்தது. மற்ற நாட்களில் நூர்ஜஹான் அம்மா போனில் சொல்லச் சொல்லக் கீதா செய்தாள். பெருநாளன்று என் எடை அரைக் கிலோ ஏறியிருந்தது. நான் இன்று உட்கார்ந்து இதை எழுதுவதற்குக் காரணம் அந்த அரைக் கிலோதான். ஒன்றைக் கவனித்தேன், கேட்கத்தான் தோன்றவில்லை. அந்த நாட்களில் பாய் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு சேர்த்தே திரும்புவார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நோன்பு மாதக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். நோன்பே இல்லாதவருக்கு!

இரண்டரை மாதம் கழித்துக் கடைகள் திறந்தன. பாய் ஒரு புது மெத்தையோடு வந்தார். சாக்பீஸ் கோட்டின்படி தைத்த என் மெத்தை. "பழச எடுத்துக்கறேன் சார், இது உங்க அளவு" என்றார். நான் பழசிலேயே சாய்ந்தபடி, "வேண்டாம் பாய், இதுவே பழகிடுச்சு. அந்தக் குழியில படுத்தாதான் தூக்கம் வருது. புதுசை வேற யாருக்காவது கொடுங்க" என்றேன். பெருந்தன்மையாகப் பேசிவிட்டதாக எனக்கு நினைப்பு. அவர் ஒரு நிமிடம் அந்த மெத்தையைப் பார்த்தார். "தூக்கம் வருதில்ல? அப்போ சரி சார்" என்று புதியதை மறுபடி ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

போன மாதம் அவருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. வயிற்றில் இருப்பது மேலே ஏறித் தெரியாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடுவது எங்களுக்கெல்லாம் உள்ள ஆபத்து. இம்முறை அது அவரை எழவிடவில்லை. பன்னிரண்டு வருடத்தில் புற்றுநோய் திரும்பி வரவே இல்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது குரல் காற்றாகத்தான் வந்தது. "சிக்னல் சார், எட்டு வேளையும் ஆச்சா?" என்றார். ஏழுதான் ஆச்சு என்றேன். கையை ஆட்டி என்னைக் கிளம்பச் சொன்னார், எட்டாவதைப் போய்ச் சாப்பிடு என்று.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் துக்கம் கேட்கப் போனோம். நூர்ஜஹான் அம்மா, கணவர் இறந்த பின் தனித்திருக்கும் இத்தாவில் இருப்பதால் வெளி ஆண்களைப் பார்க்க மாட்டார். நான் கூடத்தில் யூசுபோடு உட்கார்ந்திருந்தேன். கீதா மட்டும் உள்ளே போனாள். திரும்பும் வழியில், தாம்பரம் சானடோரியம் தாண்டியதும், கீதா வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். நூர்ஜஹான் அம்மா சொன்னதை அப்படியே சொன்னாள்.

"உங்க வூட்ல இருக்கிற மெத்தைய அண்ணன் பத்திரமா வெச்சிருக்காரான்னு கேட்டாங்க. அது பாயோட சொந்த மெத்தையாம். ஊரடங்குல ஃபோம் எங்கயும் கிடைக்கல, உங்களுக்கு மூச்சு முட்டுதுன்னு நான் போன் பண்ணினேன்ல, அன்னிக்கே உறைய மாத்திக் கொண்டாந்துட்டாராம். வூட்ல ஒரு வேன் சீட்டு ரிப்பேருக்கு வந்து கிடந்துச்சாம். ரெண்டரை மாசம் அதுல உக்காந்தே தூங்கினாராம். கழுத்து திரும்பலையாம். திருப்பிக் கேளுங்கன்னு அம்மா சண்டை போட்டிருக்காங்க. 'சிக்னல் சார் இப்பதான் தூங்குறாரு, கேட்டா எழுந்துக்குவாரு'ன்னாராம்."

பழசைத் தள்ளிவிட்டீர்களே என்று நான் கத்திய மெத்தை அது. புதியதோடு வந்து பழசைக் கேட்டவரை, இதுவே பழகிவிட்டது என்று திருப்பி அனுப்பியவன் நான். யாரோ ஒருவர் முதுகு அழுந்திய குழி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, ஆறு வருடம் அவர் முதுகு அழுந்திய குழி. உட்கார்ந்து தூங்கிய அந்த மாதங்கள்தான் பாயின் நுரையீரலைக் கெடுத்தனவா என்று என் டாக்டரிடம் போன் செய்து கேட்டேன். அப்படியெல்லாம் இல்லை, அது வேறு, இது வேறு என்றார். பாதி நம்பினேன்.

நண்பர்களே, பாய் இருந்த உயரம் எனக்கு எட்டாது. அதைச் சோதித்தும் பார்த்துவிட்டேன். போன வாரம் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரு பெண், குழுவுக்காகக் கொடுத்திருந்த என் எண்ணுக்கு அழைத்தாள். அவள் அப்பாவுக்கு இதே ஆபரேஷன், அன்றுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார், படுக்க முடியவில்லை. இப்போது கடையைப் பார்த்துக்கொள்ளும் யூசுபிடம் கேட்டேன். தைத்துத் தருகிறேன், ஆனால் இரண்டு நாள் ஆகும் சார் என்றான். "ரெண்டு நாள் அந்த மனுஷன் எப்படிப்பா தூங்குவார்?" என்று நான்தான் கேட்டேன். கேட்டபிறகு வேறு வழி இல்லாமல் போய்விட்டது. மெத்தையைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் அவர் கட்டிலில் போட்டு, மூலையை இழுத்துவிட்டேன். அவரும் குழியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பழகின மெத்தை, உடம்பை வாங்கிக்கும்" என்றேன்.

இரண்டு நாள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தூங்கினேன். தூங்கினேன் என்று சொல்ல முடியாது. இரண்டாம் நாள் என் கழுத்து திரும்பவில்லை. பாய் இதை இரண்டரை மாதம் செய்துகொண்டே, என் எதிரில் உட்கார்ந்து ஸ்பூன் ஸ்பூனாகக் கஞ்சி குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் யூசுப் தைத்த புது மெத்தையோடு போனேன். அந்தப் பெரியவர் நன்றாகத் தூங்கி எழுந்து முகம் தெளிந்திருந்தார். "இதுவே பழகிடுச்சுங்க, இருக்கட்டுமே" என்றார்.

பாயாக இருந்தால் விட்டுக்கொடுத்திருப்பார். நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.